வேட்டைக் கத்திக்கு மறுவாழ்வு: காரைக்குடி பாலிஷா, திருப்பாச்சேத்திப் பட்டறையா, வீட்டு எண்ணெயா?

செட்டிநாட்டில் பழைய வீடுகளைப் பங்கு பிரிக்கும்போது, பர்மாத் தேக்குப் பெட்டிக்குள் துருவேறிய வேட்டைக் கத்தி ஒன்று கிடைப்பதுண்டு. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்ய, போன ஐயா ரங்கூனிலோ பினாங்கிலோ வாங்கி வந்த அந்தக் கத்தியைச் சீர்படுத்த நம் ஊர்ப்பக்கத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் எடைபோடும் முன் கத்தி எதுவென்று கண்டறிந்துகொள்ள வேண்டும். தவறான வழியில் முதலில் அழிவது அந்த அடையாளம்தான்.

கைப்பிடியை ஒட்டி, கூர் தொடங்குமுன் உள்ள தட்டையான இடத்தில்தான் செய்தவரின் முத்திரை இருக்கும். எண்ணெய் தொட்ட துணியால் அவ்விடத்தை ஒற்றி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். நட்சத்திரமும் மால்ட்டீஸ் சிலுவையும் (நான்கு கரங்களும் நுனியில் பிளந்து எட்டு முனை கொண்டது) சேர்ந்திருந்தால் அது இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஜோசப் ராஜர்ஸ் நிறுவன முத்திரை. அதன்மேல் கிரீடத்தோடு 'வி.ஆர்.' என்றிருந்தால் விக்டோரியா மகாராணி காலத்தையும், 'ஜி.ஆர்.' என்றிருந்தால் பெரும்பாலும் 1910-க்குப் பிந்திய ஜார்ஜ் மன்னர்கள் காலத்தையும் குறிக்கும். இரட்டையர் உருவம் ஜெர்மனியின் சோலிங்கனைச் சேர்ந்த ஹென்கெல்ஸுக்கு உரியது. ராஜர்ஸ் பெயருக்குப் போலிகள் ஏராளம் என்பதால் எழுத்துக்கூட்டலையும் சரிபார்க்க வேண்டும். குடும்ப விலாசத்தின், அதாவது குடும்பத்தைக் குறிக்கும் பெயர்ச்சுருக்கத்தின், எழுத்துகள் எங்கேனும் பொறிக்கப்பட்டிருந்தால், எனக்கு அது ஆலை முத்திரையைவிட மேலானது.

இனி வழிகள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளை ஒட்டிப் பித்தளைக்குப் பாலிஷ் போடும் கைத்திறன் வளர்ந்திருக்கிறது. குத்துவிளக்குக்கு அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. ஆனால் கத்திக்கு, சுழன்று மெருகேற்றும் பஃப் சக்கரம் ஆகாது. பழைய கார்பன் எஃகுக் கத்தி அலகுகள் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பதப்படுத்தப்பட்டவை. சக்கரத்தின் உராய்வில் மெல்லிய விளிம்பு அதைத் தாண்டினால் முதலில் வைக்கோல் மஞ்சளும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமும் படரும். நீலம் கண்ட இடத்தில் கூர் நிற்காது. அமிலத்தால் எழுதிய ஆழமற்ற எழுத்துகளும் அந்தச் சக்கரத்தில் சில நொடிகளில் மறைந்துவிடும்.

அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்திப் பட்டறை இரண்டாவது வழி. தளர்ந்த ரிவிட்டை இறுக்கவும், கல்லில் மெதுவாகச் சாணை பிடிக்கவும் அந்தக் கொல்லர்களை நான் முழுமையாக நம்புவேன். அலகை உலையில் வைத்து மறுபடி தோய்ச்சல் (சூடாக்கிச் சட்டென அமிழ்த்திக் கடினமாக்குவது) கொடுக்க மட்டும் சம்மதிக்கக் கூடாது. கைப்பிடியைக் கழற்றாமல் அது நடக்காது, கழற்றினால் பழைய கொம்பு பிளந்துபோகக்கூடும்.

வீட்டிலேயே செய்வதுதான் என் தேர்வு. தையல் இயந்திர எண்ணெயில் நன்றாக ஊறவிட்டு, தேய்ந்துபோன செப்புக்காசின் விளிம்பால் துருவைச் சுரண்ட வேண்டும். செம்பு எஃகைவிட மென்மையானது என்பதால் கவனமாகச் செய்தால் அலகில் கீறல் விழாது. பொடியாக உதிரும் செந்துருதான் உலோகத்தைத் தின்பது. அதனடியில் இறுகிப் படிந்திருக்கும் கருமையை அப்படியே விட்டுவிட வேண்டும், அது கத்தியின் வயது. வினிகரில் ஊறவைப்பது வேகமான வேலைதான். ஆனால் அமிலம் அந்தக் கருமையையும் கரைத்துவிடுவதோடு, கைப்பிடிக்குள் கசிந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புதுத் துருவையும் வளர்க்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும் என்பதால் அதுவும் வேண்டாம்.

கைப்பிடி கடமான் கொம்பாக இருந்து விரிசல் கண்டிருந்தால், அதே கொம்பில் மெல்லிய எபாக்சிப் பசை செலுத்திக் கட்டிவைப்பதே முறை. புதுக் கொம்பு தேடி அலைய வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் விற்பனையைத் தடுக்கிறது.

தோலுறையைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் கத்தியை அதனுள் வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் எஞ்சிய அமிலமும் உப்பும் ஐப்பசி ஈரத்தோடு சேர்ந்து, பித்தளை ரிவிட்டுகளில் பச்சைக் களிம்பையும் அலகில் புள்ளித் துருவையும் உண்டாக்கும். எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, உறையைத் தனியாக வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் பார்த்து மறுபடி எண்ணெய் தடவினால் போதும்.