சராசரியைப் பார்க்காதீர்கள், உச்சத்தைப் பாருங்கள்

நிகழ்நேர இயங்குதளம் என்றதும் பலரும் வேகத்தைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் கேள்வி கெடுவைப் பற்றியது. ஒரு மோட்டாருக்கு மில்லிவிநாடிக்கு ஒருமுறை கட்டளை போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண லினக்ஸ் பெரும்பாலும் உரிய நேரத்தில் அனுப்பிவிடும். ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏதோ ஒரு ஸ்பின்லாக்கை, அதாவது காத்திருப்பவரை உறங்க விடாமல் சுற்றவைக்கும் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் மோட்டார் காத்திருக்க வேண்டியதுதான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் லினக்ஸை நிகழ்நேரத்துக்கு ஏற்ப மாற்றும் பிரீஎம்ப்ட்-ஆர்டி வந்தது. பல ஆண்டுகள் தனி ஒட்டுநிரலாகவே (பேட்ச்) இருந்து, 2024-இல் வெளியான 6.12 கெர்னலில்தான் மூல லினக்ஸோடு சேர்ந்தது. பெரும்பாலான ஸ்பின்லாக்குகளை இது உறங்கக்கூடிய பூட்டுகளாக்குகிறது. வன்பொருள் குறுக்கிட்டுக் கேட்கும் இன்டரப்ட் வேலைகளில் பெரும்பகுதியை, முன்னுரிமை வகுக்கக்கூடிய திரெட்டுகளிடம் ஒப்படைக்கிறது. அதனால் முன்னுரிமை மிகுந்த பணி குறுக்கே புகுந்து ஓட முடிகிறது. மொத்தச் செயல்திறன் சற்றுக் குறையும். அது கொடுத்தே ஆக வேண்டிய விலை.

சைக்ளிக்டெஸ்ட் கருவியை ஓட்டினால் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம் என்று தாமதங்கள் மைக்ரோவிநாடிகளில் வரும். நான் கடைசி எண்ணை மட்டும்தான் பார்ப்பேன், அதுவும் இரவு முழுக்கச் சுமையேற்றிய பிறகு. அப்போதும் அது அளந்து கண்ட உச்சம்தான், நிறுவப்பட்ட வரம்பு அல்ல. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளில் இயங்குதளத்துக்கே தெரியாமல், வன்பொருளோடு வரும் மென்பொருளான ஃபர்ம்வேர் இடையில் புகுந்து நேரத்தைத் தின்றுவிடும்!

சிறு சில்லுகளுக்கான நிகழ்நேர இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ் இதற்கு நேரெதிர். அதன் மையம் சி மொழியில் எழுதிய சில கோப்புகள் மட்டுமே. பொதுவாக மெய்நிகர் நினைவகம் இல்லாத மைக்ரோகன்ட்ரோலரில் ஓடுவதால், வட்டிலிருந்து நினைவகப் பக்கம் வரட்டும் என்று காத்திருக்கும் பேச்சே எழாது. மோசமான நிலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் 'நிகழ்நேரம்' என்ற பெயர்ப்பலகை மட்டும் காப்பாற்றாது. 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற அசல் நிகழ்நேர இயங்குதளம். வானிலைத் தரவு திரட்டும் கீழ்நிலைப் பணி ஒரு மியூடெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டைப் பிடித்திருந்தது. அதற்காக மேல்நிலைப் பணி காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணிகள் குறுக்கே ஓடியதால் கீழ்நிலைப் பணியால் பூட்டை விட முடியவில்லை. கெடு தவறியதும் கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது, பலமுறை. பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் 'முன்னுரிமை மரபுரிமை' அமைப்பைப் பூமியிலிருந்து இயக்கியதும் சரியானது.

கேமராவும் பிணையமும் வேண்டிய ரோபோவுக்கு நான் பிரீஎம்ப்ட்-ஆர்டியைத் தேர்ந்தெடுப்பேன். அதே ரோபோவின் மோட்டார் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை அதனிடம் கொடுக்க மாட்டேன். அதற்கு ஃப்ரீஆர்டிஓஎஸ் ஓடும் தனிச் சில்லு ஒன்றை வைப்பேன்.