பெரிய எழுத்து மதுரைவீரன் கதை: பாடுவதற்குச் சரி, பொருள் சொல்ல இது மட்டும் போதாது

வடசென்னையில் ஆடிக் கூழ் வார்ப்பின்போது பம்பை உடுக்கையோடு பாடும் மதுரைவீரன் வர்ணிப்பைக் கேட்டுவிட்டு, வரிக்கு வரி பொருள் தேடுகிறவர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் இந்தப் புத்தகம்தான். சென்னைக் கொண்டித்தோப்பு அச்சகங்களுக்குப் பேர் வாங்கித் தந்த வகை. எழுத்து பெரிசு, கூட்டத்துக்கு உரக்க வாசிக்கத் தோது. கதையும் காசியில் தொடங்கி வீரனை மாறுகால் மாறுகை வாங்குவது (ஒரு பக்கக் கையும் மறுபக்கக் காலும் வெட்டுவது) வரை முழுசாக இருக்கிறது.

பொருள் சொல்ல உட்காரும்போதுதான் சிக்கல். பாட்டை உரைநடை மாதிரி விளிம்பு வரை ஓட்டி அடித்த பிரதி கிடைத்தால் முதலில் பென்சிலை எடுங்கள். எதுகை விழும் இடம் பார்த்துக் கோடு போட்டால் அடி பிரியும். பெரும்பாலும் நாலு சீருக்கு ஓர் அடி. அடிக் கடைசி ‘ஏ’ வெறும் இசைநிறை, அதற்குப் பொருள் ஏற்றாதீர்கள். பனையோலை ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் கிடையாது. ‘எரி’யும் ‘ஏரி’யும் அங்கே ஒன்றே. ஏட்டிலிருந்து அச்சேறிய கதைப்பாடல் எதிலும் ஒரு வரி இடறினால், விளக்கம் கற்பிக்கும் முன் குறிலை நெடிலாக்கிப் பாருங்கள். பிறகு ர-ற, ல-ள-ழ மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது பிறப்புப் பகுதி. மாலை சுற்றி (கொடி கழுத்தில் சுற்றி) பிறந்த காசி ராஜா மகனைக் காட்டில் விட, அருந்ததியரான சின்னான் எடுத்து வளர்த்தான் என்கிறது அச்சு. வீரன் பிறப்பாலேயே அருந்ததியர் என்ற வழக்கும் உண்டு. அரச பிறப்பு பின்னால் ஒட்டியது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. முத்துப்பட்டன் கதை என்ற இன்னொரு கதைப்பாடலிலும் இதே கைவேலை நடந்திருக்கிறது: பிராமணனான முத்துப்பட்டன் மணந்த சக்கிலியர் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும், அவர்கள் அப்பா வாலப்பகடை கண்டெடுத்த பிராமணக் குழந்தைகளாக்கிய பாடம் ஒன்று உண்டு. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலையின் 1971 முத்துப்பட்டன் கதைப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்த மாற்றம் பளிச்சென்று தெரியும்.

காசிப் பகுதியைத் தள்ளிவிட்டு வாசித்துப் பாருங்கள், கதை எங்கும் அறுபடாது. வீரன் காதலிக்கும் பொம்மி பூப்படைந்து தங்கும் பருவக் குடிசைக்கு அவன் காவல் போவதே, சின்னானின் காவல் முறைக்குப் பதிலாகத்தான். பொம்மி வீட்டார் படை திரட்டுவதும் வீரனைச் சின்னான் மகனாகப் பார்ப்பதால்தான். ராஜா மகன் என்ற செய்தி அந்த இடங்களில் ஒரு வேலையும் செய்வதில்லை.

அச்சோடு ஒப்பிட, பாடகர் நேரில் பாடும் பாட்டின் பதிவு வேண்டும். பாடகரிடம் அனுமதி கேட்டு, செல்போனைப் பம்பைக்கு எதிர்ப்புறமாக அவர் வாயருகே வையுங்கள். இல்லையென்றால் தோல் அதிர்வில் சொல் முழுகிப்போகும். பாட்டு முடிந்ததும் சொல்லாக ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். ஆனால் தாளமில்லாமல் சொல்லும்போது அடிகள் சுருங்கும், ஆகவே பாடியதையே மூலமாக எடுங்கள்.

கடையில் வாங்கும்போது பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள், பாரம் (சேர்த்து அச்சடித்து மடித்த பக்கக் கட்டு) மாறித் தைத்திருக்கலாம். முடிந்தால் வேறு வேறு அச்சில் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்றில் மங்கிய எழுத்து மற்றதில் தெளிவாக இருக்கும்.