பெங்களூர்க் கோட்டை நடைச்சுற்றுலா: வாயில் இருக்கிறது, அகழியைக் காணோம்

கலாசிபாளையத்தில் பேருந்தை விட்டு இறங்கிக் கிருஷ்ணராஜேந்திர சந்தைப் பக்கம் நடக்கும் தமிழ்நாட்டுப் பயணிகளில் பலர், வழியில் ஒரு கற்கோட்டையின் மிச்சம் நிற்பதைக் கவனிப்பதில்லை. அந்தக் கோட்டையைச் சுற்றி ஒரு சிறு குழுவினர் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நடத்தும் கட்டண நடைச்சுற்றுலா, ஒரு பெருங்குறை இருந்தும், கொடுத்த பணத்துக்குத் தகுந்ததாகவே இருந்தது.

கெம்பே கௌடர் 1537இல் எழுப்பிய மண்கோட்டையை ஹைதர் அலி 1761இல் கல்லால் வலுப்படுத்தினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று எஞ்சியிருப்பவை தில்லி வாயிலும் அதையொட்டிய மதிலின் ஒரு பகுதியுமே. வழிகாட்டி இங்கேதான் தம் திறமையைக் காட்டினார். கதவின் இரும்பு முனைகளையும், வளைவுகளின் சுதை வேலைப்பாட்டையும், கல்லில் செதுக்கிய தாமரைகளையும், உள்ளே இருக்கும் பிள்ளையார் சன்னதியையும் அவசரமின்றிப் பார்க்கவிட்டு, அதன் பிறகே திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரின் கதைக்கு வந்தார். வேலூரிலிருந்து முக்ளிக் கணவாய் வழியாகப் படை நடத்தி வந்த ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ், 1791 மார்ச் 7 அன்று கோட்டையை அடுத்திருந்த பேட்டை என்ற நகர்ப்பகுதியைப் பிடித்ததையும், அச்சண்டையில் ஆங்கிலேயக் கர்னல் மூர்ஹவுஸ் மாண்டதையும், மார்ச் 21 இரவில் பீரங்கிகள் உடைத்த மதில் வழியே ஆங்கிலேயர் ஏறிக் கோட்டையைக் கைப்பற்றியதையும், திப்புவின் கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரிட்டு மடிந்ததையும் அவர் மிகையின்றிச் சொன்னார். தமிழில் கேட்ட கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் கிடைத்தது.

குறை அகழியில் இருக்கிறது. வேலூர்க் கோட்டையில் நீர் நிறைந்த அகழியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கு அது எங்கே ஓடியது என்பது விளங்காது. அகழி தூர்க்கப்பட்டு, மதிலில் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, கோட்டை நிலத்திலும் அதன் அருகிலும் சாலைகளும் விக்டோரியா மருத்துவமனை, கோட்டை உயர்நிலைப் பள்ளி போன்ற கட்டடங்களும் எழுந்துவிட்டன. வழிகாட்டியோ கையை நீட்டி, "இந்தப் பக்கம்தான்" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். முற்றுகையை ஒட்டி 1791இல் ஆங்கிலேயப் படை அதிகாரி கிளாட் மார்ட்டின் வரைந்த வரைபடத்தின் நகல் ஒன்று கையில் இருந்திருந்தால், முட்டை வடிவக் கோட்டையின் எந்த விளிம்பில் நாம் நிற்கிறோம் என்பது ஒரே பார்வையில் புரிந்திருக்கும். அகழியை விட்டுவிட்டு முற்றுகையை விளக்குவது பாதிக் கதைதான்.

அடுத்துள்ள திப்புவின் கோடை அரண்மனையில் தேக்குத் தூண்களைத் தவிர அதிகம் சொல்ல எதுவுமில்லை. எனினும், கோட்டை வீழ்ந்த அதே 1791ஆம் ஆண்டில்தான் இந்த அரண்மனை கட்டி முடிக்கப்பட்டது என்பதை வழிகாட்டி விட்டுவிடவில்லை.

வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளவும். நடையின் கடைசிப் பகுதி சந்தை நெரிசலுக்குள் போவதால், குழந்தைகளுடன் வருபவர்கள் அரண்மனையிலேயே விடைபெற்றுக்கொள்வது நல்லது.