பி1-இல் தேங்கி நிற்கும் ஸ்பானிஷ் மாணவர்: ஆங்கில இலக்கணத்துக்கு எந்த வழி?

மாட்ரிட்டிலோ பொகோட்டாவிலோ சில ஆண்டுகள் ஆங்கிலம் படித்த பலர், ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இடைநிலையான பி1-இல் வந்து நின்றுவிடுகிறார்கள். பேச்சு புரிகிறது, மின்னஞ்சல் எழுத வருகிறது. ஆனால் அதே பத்துப் பன்னிரண்டு பிழைகள் மட்டும் விட்டுப் போவதில்லை. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் கணக்குப்படி, தொடக்கத்திலிருந்து பி1-ஐ எட்ட 350 முதல் 400 மணி நேரப் பயிற்சி தேவை. அடுத்த படியான பி2-க்கு 500 முதல் 600. இடையில் உள்ளது ஏறக்குறைய 150, 200 மணி நேரம். அதை எதில் போடுவது?

நான்கு வழிகள் போட்டியிடுகின்றன: முழுக்க ஆங்கிலத்திலேயே அமைந்த பொது இலக்கணப் பயிற்சி நூல், ஸ்பானிஷில் விளக்கி இரு மொழிகளையும் ஒப்பிடும் நூல், வகுப்பு, மாணவர் தாமே எழுதித் திருத்திக்கொள்வது. செயலிகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஐந்தாறு சொல் வாக்கியங்களை மொழிபெயர்க்க வைக்கும் செயலி தொடக்க நிலைக்கு நல்லது. இடைநிலையில் பிழைகள் நீண்ட வாக்கியத்தில்தான் தலைகாட்டும், அங்கே செயலி அவரை அழைத்துப் போவதே இல்லை.

பிழை எங்கிருந்து வருகிறது

இது தெளிவானால்தான் மற்றது விளங்கும். "ஐ லிவ் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று ஒரு மாணவர் எழுதுவது கவனக்குறைவால் இல்லை. மூன்று ஆண்டாக ஓரிடத்தில் வசிப்பதை ஸ்பானிஷ் நிகழ்காலத்தில்தான் சொல்கிறது: "விவோ அகி தெஸ்தே ஆசே த்ரெஸ் அன்யோஸ்". ஆங்கிலம் அங்கே "ஹாவ்" சேர்ந்து வரும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் வடிவமும் "ஃபார்" என்ற சொல்லும் கேட்கிறது.

"ஐ வான்ட் தட் யூ கம்" என்பதும் அப்படித்தான். "கியெரோ கே வெங்காஸ்" என்பதில் "தட்" என்று பொருள்படும் "கே" வந்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் "ஐ வான்ட் யூ டு கம்". "அந்தெஸ் தே சலிர்" என்று பிரிபொசிஷனுக்குப் பின் இன்ஃபினிட்டிவ் வைத்துப் பழகியவர் "பிஃபோர் டு கோ அவுட்" என்பார். ஆங்கிலத்துக்கு அங்கே வேண்டியது "கோயிங்". "டிபெண்ட் ஆன்" என்பதை "டிபெண்ட் ஆஃப்" என்றும், "திங்க் அபவுட்" என்பதை "திங்க் இன்" என்றும் எழுதுவது தாய்மொழியின் "தே", "என்" இரண்டையும் அப்படியே எடுத்துவைப்பதால். "எக்ஸ்பிளெய்ன் மீ", "ஐ டிடன்ட் சீ நோபடி" ஆகியவையும் இதே வழியில் வந்தவை. "மே குஸ்தா மூச்சோ எல் ஃபூத்போல்" என்ற ஒரே வாக்கியம் இரண்டு பிழைகளைத் தந்துவிடும்: "ஐ லைக் வெரி மச் த ஃபுட்பால்". சொல்வரிசையும் தவறு, "த"வும் வேண்டாதது.

ஸ்பானிஷ் பேசுவோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் ஆர்டிகிள் கிடையாது, ஆகவே நம் மாணவர்கள் "த"வை விட்டுவிடுவார்கள். ஸ்பானிஷ் மாணவர் வேண்டாத இடத்திலும் போடுவார், ஏனென்றால் "லா வீதா எஸ் துரா" என்றால்தான் அவர் மொழியில் அது சரி. அது "த லைஃப் இஸ் ஹார்ட்" ஆகிறது. அதே மாணவர் தொழிலைச் சொல்லும்போது மட்டும் "ஷி இஸ் டீச்சர்" என்று ஆர்டிகிளை விட்டுவிடுவார். நம்மூர்ப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த ஆர்டிகிள் பயிற்சித்தாள் அவருக்குப் பாதிதான் பயன்படும்.

ஆங்கிலத்திலேயே அமைந்த பொது நூல்

ஒரு பக்கம் விளக்கம், எதிர்ப்பக்கம் பயிற்சி, பின்னால் விடைகள் என்ற அமைப்பு இடைநிலை நூல்களில் பரவலாக உண்டு. எதையும் விடாது என்பது பெரிய பலம், தனியாகவும் படிக்கலாம். ஆனால் அது உலகில் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. ஜப்பானியருக்கும் ஸ்பானியருக்கும் ஒரே அளவு இடம்.

"வென் ஐ அரைவ்" என்ற அமைப்பில் "வில்" வரக்கூடாது என்று ஒரு பாடம் இருக்கும். பிரெஞ்சு பேசுவோருக்கு அது அவசியம், அவர்கள் மொழி அங்கே எதிர்காலத்தைப் பயன்படுத்துகிறது. ஸ்பானிஷில் "குவாந்தோ யேகே" என்று எதிர்காலம் இல்லாமலேதான் வரும். "கோயிங் டு" எதிர்காலமும் அப்படி, "வோய் அ கொமேர்" ஏற்கெனவே அவர் வாயில் இருக்கிறது. இவற்றுக்கு அவர் இரண்டு மாலைகளைச் செலவிட வேண்டியதில்லை. அவரை வாட்டும் "வான்ட் தட்" பிழைக்கோ வினைச்சொல் பட்டியலின் நடுவில் ஒரு வரிதான் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல் பயிற்சியின் அமைப்பில். பக்கத்தின் தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. பிரசன்ட் பெர்ஃபெக்ட் பாடத்தில் பத்து வெற்றிடங்களையும் சரியாக நிரப்பியவர், மறுநாள் மின்னஞ்சலில் பழையபடியே எழுதுவார். எந்தக் காலம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை அவர் செய்யவே இல்லையே! விளக்கத்தை இன்று படித்து, பயிற்சியை மூன்று நாள் கழித்து, இன்னொரு பாடத்தின் பயிற்சியோடு கலந்து செய்தால் இந்தக் குறை பெரிதும் தீரும். முதல் பாடத்தில் தொடங்கிக் கடைசிவரை போவதும் வேண்டாம். நூலில் நிலையறியும் தேர்வு இருந்தால் அதை முதலில் எழுதி, தவறிய பாடங்களை மட்டும் எடுங்கள்.

ஸ்பானிஷில் விளக்கும் ஒப்பீட்டு நூல்

மேலே சொன்ன பிழைகளில் நேராகக் கைவைப்பது இதுதான். "கே" வரும் இடத்தில் ஆங்கிலம் என்ன செய்யும் என்று ஒரே பக்கத்தில் சொல்லிவிடும். இடைநிலையில் இரு வகை நூல்களுள் இதற்குத்தான் முதலிடம் தர வேண்டும் என்பது எங்கள் மதிப்பீடு. ஆனால் வாங்குமுன் அது எங்கே அச்சானது என்று பாருங்கள்.

ஸ்பெயினின் பெரும்பகுதியில், இன்று நடந்து முடிந்த செயலையும் "ஏ விஸ்தோ" என்ற கூட்டு வடிவத்தில் சொல்வார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் ஹுவானைப் பார்த்ததைச் சொல்ல அது இயல்பான வடிவம். ஆகவே மாட்ரிட் மாணவர் "ஐ ஹாவ் சீன் ஹுவான் அன் அவர் அகோ" என்று எழுதுவார். அவருக்கு வேண்டியது பிரசன்ட் பெர்ஃபெக்ட்டைக் குறைக்கும் பயிற்சி: "அகோ", "யெஸ்டர்டே" போல முடிந்த நேரம் வந்தால் சாதாரண இறந்தகாலம்.

மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் நிலைமை தலைகீழ். அங்கே "யா கொமி" என்று சாதாரண இறந்தகாலமே புழக்கம். "ஐ ஆல்ரெடி ஏட்" என்று அவர் சொன்னால் அமெரிக்கப் பேச்சில் அது செல்லும். பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றும் பாடநூலிலும் தேர்விலும் "ஐ ஹாவ் ஆல்ரெடி ஈட்டன்" என்பதே எதிர்பார்க்கப்படும். அவருக்கு வேண்டியது அந்த வடிவத்தைக் கூட்டும் பயிற்சி. மாட்ரிட்டில் எழுதிய நூல் அவருக்கு இல்லாத நோய்க்கு மருந்து தரும். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியா, கானரித் தீவுகள் போன்ற பகுதிகளின் பேச்சு இந்த ஒரு விஷயத்தில் லத்தீன் அமெரிக்காவோடு சேரும், அங்குள்ள ஆசிரியர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்த வழியின் ஆபத்து, ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் தேடுவது. "என்" என்றால் "இன்", "ஆன்", "அட்" என்று அட்டவணை போட்டால் எதை எப்போது என்ற கேள்வி அப்படியே நிற்கும். இன்னொன்று, ஆங்கிலத்தைப் பற்றி ஸ்பானிஷில் படித்துக்கொண்டே இருக்கலாம். ஆங்கிலம் மட்டும் வராது. ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு மேல் விளக்கம் படிக்க வேண்டாம்.

வகுப்பு

ஸ்பெயினில் அரசு நடத்தும் எஸ்குவேலா ஒஃபிசியால் தே இதியோமாஸ் என்ற மொழிப் பள்ளிகள் உண்டு. முதலாவது 1911-இல் மாட்ரிட்டில் தொடங்கியது. தனியார் பயிற்சி நிலையங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு, பேசும் பயிற்சி கிடைக்கிறது, கெடு இருப்பதால் படிப்பு நடக்கிறது. கூச்சப்படும் மாணவருக்கு இதற்கு மாற்று இல்லை.

இலக்கணத்துக்கு மட்டும் ஒரு குறை. வகுப்பில் எல்லாரும் ஸ்பானிஷ் பேசுபவர்கள். "ஐ ஹாவ் டுவென்டி இயர்ஸ்" என்று ஒருவர் வயதைச் சொன்னால் பக்கத்து மேசைக்காரருக்கு உடனே புரிந்துவிடும், "தெங்கோ வெயிந்தே அன்யோஸ்" என்பதுதானே அவருக்கும் காதில் விழுகிறது. பிழை தட்டுப்படாமல் கடந்து போகிறது. டப்ளினிலோ மால்டாவிலோ பல நாட்டவர் கலந்த வகுப்பில் கொரிய மாணவர் "என்ன?" என்று திரும்பக் கேட்பார். அந்தக் கேள்வி செய்யும் திருத்தம் பெரிது. ஊரிலேயே படிப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது ஸ்பானிஷ் தெரியாத ஒருவரோடு இணையத்தில் பேச வேண்டும்.

எழுதித் திருத்துவது

உழைப்பு அதிகம், பலனும் அதிகம். செய்முறை இது:

1. வாரம் ஒருமுறை 150 சொல் எழுதுங்கள். கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வின் எழுத்துப் பணிகள் 140 முதல் 190 சொல் என்பதால் இந்த அளவு அதற்கும் பழக்கும்.
2. திருத்துபவர் பிழையின் கீழ் கோடு மட்டும் போடட்டும், சரியான வடிவத்தைத் தர வேண்டாம். உரையாடல் மென்பொருளிடம் கொடுத்தால் அது பத்தி முழுவதையும் அழகாக மாற்றி எழுதித் தந்துவிடும். அதைப் படித்துத் தலையாட்டுவதில் எதுவும் மனதில் நிற்காது. "மாற்றி எழுதாதே, பிழையுள்ள இடங்களுக்கு எண் மட்டும் போடு" என்று கேளுங்கள்.
3. ஒவ்வொரு பிழையின் பக்கத்திலும் அதற்குரிய ஸ்பானிஷ் வடிவத்தைக் குறியுங்கள். எது தாய்மொழியிலிருந்து வந்தது என்று சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியும்.
4. ஒரு நேரத்தில் மூன்று வகைப் பிழைகளை மட்டும் துரத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்த முயன்றால் எழுதவே பயம் வந்துவிடும்.
5. ஒரு வாரம் கழித்து, பழையதைப் பார்க்காமல் அதே பொருளில் மீண்டும் எழுதுங்கள்.

பிரிபொசிஷனுக்கும் ஆர்டிகிளுக்கும் இரட்டை மொழிபெயர்ப்பு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் முதலாம் எலிசபெத்தின் ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம் லத்தீன் கற்பிக்கப் பரிந்துரைத்த முறை இது. 60 சொல் ஆங்கிலப் பத்தியை ஸ்பானிஷாக்கி, இரண்டு நாள் வைத்திருந்து, மூலத்தைப் பார்க்காமல் மறுபடி ஆங்கிலமாக்கி, பிறகு ஒப்பிட வேண்டும். எங்கெங்கே "த" கூடியது, எங்கே "ஆன்" "இன்" ஆனது என்பதை அந்தப் பக்கமே காட்டிவிடும்.

நேரத்தைப் பங்கிடுவது

150 மணி நேரம் கையில் இருந்தால், எழுதித் திருத்துவதற்கு 60, பேச்சுக்கும் வகுப்புக்கும் 45, ஒப்பீட்டு நூலுக்கு 30, பொது நூலுக்கு 15 என்று போடலாம். பொது நூலைத் தேவைப்படும்போது திறந்து பார்க்கும் நூலாக வைத்துக்கொள்வது போதும். தேர்வு எழுதும் எண்ணம் இல்லாதவர் பேச்சைக் கூட்டி எழுத்தைக் குறைக்கலாம்.

பி2 ஃபர்ஸ்ட் எழுதுபவர் மட்டும் வாசிப்பு, மொழிப் பயன்பாட்டுத் தாளின் நான்காம் பகுதிக்காக ஒப்பீட்டு நூலுக்கு இன்னும் சில மணி நேரம் ஒதுக்க வேண்டும். கொடுத்த ஒரு சொல்லை மாற்றாமல், அதையும் சேர்த்து இரண்டு முதல் ஐந்து சொற்களில் வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் ஆறு கேள்விகள் அதில் வரும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் வரை. நிபந்தனை வாக்கியம் கேட்டால் "இஃப் ஐ வுட் ஹாவ் நோன்" என்று கை தானாக எழுதிவிடும், ஏனென்றால் ஸ்பானிஷில் "உபியேரா" என்ற ஒரே வடிவம் வாக்கியத்தின் இரு பாதியிலும் வரலாம். "இஃப்" பக்கத்தில் "ஹாட்", மறுபக்கத்தில் "வுட் ஹாவ்" என்று இருபது வாக்கியங்களைக் கையால் எழுதிப் பழகிவிட்டுத் தேர்வறைக்குள் போவது நல்லது.