தகரக் கொட்டகையை ஸ்டுடியோ ஆக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால்

புளியரையில், எஸ் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், கொல்லம் போகிற சாலையை ஒட்டி எங்கள் வீடு. பின்பக்கம் மாடு கட்டின தொழுவம் ஒன்று சும்மா கிடந்தது. 14க்கு 10 அடி, ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரம். அதை ஒலிப்பதிவு அறையாக மாற்றப் போய் 1,10,000 ரூபாயை இழந்துவிட்டேன். செங்கோட்டை, தென்காசி பக்கம் இப்போது பாட்டு, பக்திப் பாடல், யூடியூப் என்று பலர் இதே ஆசையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது தப்பட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு இது தொழில் இல்லை. என் பெரியப்பா வில்லுப்பாட்டு அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாடகர், வயது 74. அவர் பாடுகிற கதைகளில் சில, அவரோடு நின்றுவிடும். நோட்டில் எழுதி வைத்தது பாதிதான். மீதி அவர் தொண்டையில் இருக்கிறது. பங்குனியிலிருந்து வைகாசி வரைக்கும் கோயில் கொடைகளுக்கு அலைவார். ஆனி பிறந்தால் கொஞ்சம் ஓய்வு. அதற்குள் அறை தயாராக வேண்டும் என்பது என் அவசரம். அந்த அவசரத்தை நான் வெளியே காட்டிக்கொண்டதுதான் முதல் தப்பு.

மைக் செட் போடுகிற நண்பர் ஒருவர் மூலமாக, ஸ்டுடியோ போட்டுத் தருகிறவர் ஒருவர் வந்தார். கேரள எல்லையான கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கத்துக்காரர், பல இடங்களில் ஸ்டுடியோ போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். முழு சவுண்ட் ப்ரூஃப், மைக், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன், சாப்ட்வேர் எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய் என்று பேச்சு. சித்திரையில் 60,000 அட்வான்ஸ் கொடுத்தேன். இரண்டு நாளில் சுவரெங்கும், தகரத்தின் அடிப்பக்கம் உட்பட, ஒரு இஞ்ச் கனமுள்ள கறுப்பு ஃபோமைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். அதன் பிறகு அவர் நடுவில் நின்று பளாரென்று கை தட்டினார். முன்பு தட்டினால் கணீரென்று எதிரொலிக்கும் கொட்டகை, இப்போது சத்தத்தை விழுங்கிவிட்டது. "பாத்தீங்களா அண்ணாச்சி, இனி வெளியே வெடி போட்டாலும் உள்ளே கேக்காது" என்றார். நான் மயங்கிப்போய் அன்றைக்கே இன்னும் 50,000 கொடுத்தேன்.

அந்தக் கைதட்டலில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. உள்ளே எழும் ஓசை சுவரில் மோதித் திரும்பி வராமல் உறிஞ்சுவது ஒரு வேலை. வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. ஃபோம் முதல் வேலையை மட்டும், அதுவும் பாதியளவுதான் செய்யும். இரண்டாவது வேலைக்குக் கனம் வேண்டும். இரண்டு அடுக்குச் சுவர், நடுவில் காற்று இடைவெளி, கதவோரத்திலும் கூரை சுவரைத் தொடும் இடத்திலும் ஒரு விரல் சந்துகூட இல்லாத அடைப்பு, இவைதான் சத்தத்தை நிறுத்தும். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும் பொருள் லாரி இரைச்சலை நிறுத்தாது. சிலர் சுவரில் ஒட்டுகிற முட்டை அட்டைக்கும் இதே கதைதான்.

கை தட்டிக் காட்டுகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறேன். வெளியே ஒரு புல்லட்டை ஸ்டார்ட் பண்ணுங்கள். ஹோஸ் பைப்பில் தகரத்தின் மேல் தண்ணீர் அடியுங்கள்." ஐந்து நிமிட வேலை. சித்திரை வெயிலில் எனக்கு அந்தத் தண்ணீர் யோசனை வரவே இல்லை.

ஆனி பிறந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கினால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பது குற்றாலத்துக்கு வந்து போகிற எல்லோருக்கும் தெரியும். சாரல், நடுநடுவே மழை, நிற்காத காற்று. பெரியப்பா வில்லையும் குடத்தையும் வைத்து உட்கார்ந்தார். காப்புப் பாட்டு முடியவில்லை, தகரத்தின் மேல் மழை இறங்கியது. ஹெட்ஃபோனில் அவர் குரலைவிட மழைதான் பெரிதாகக் கேட்டது. மழை விட்ட நேரத்தில் மேட்டில் கியர் மாற்றும் லாரி. பதிந்த கொஞ்சத்தைக் கேட்டால் அதுவும் பிரயோசனம் இல்லை. மெல்லிய ஃபோம் உச்ச ஓசைகளை மட்டும் உறிஞ்சும்; கீழ் ஓசைகளைத் தொடாது. நொடிக்கு 100 முறை அதிரும் (100 ஹெர்ட்ஸ்) கீழ் ஓசை அலையின் நீளம் சுமார் 11 அடி, ஒரு இஞ்ச் ஃபோம் அதை என்ன செய்யும்? பெரியப்பா குரல் கம்பளிக்குள் பாடியதுபோல் மங்கியிருந்தது. குடம் மட்டும் கும் கும் என்று அறையெல்லாம் உருண்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து இரண்டு இருந்தன. பணம் போனதுகூட எனக்கு ஆறிவிட்டது. இவை ஆறவில்லை.

ஒன்று மின்சாரம். வீட்டிலிருந்து கொட்டகைக்கு இரண்டு கம்பி வயர் மட்டும் இழுத்திருந்தார்கள். சுவரில் மூன்று துளை சாக்கெட் அழகாக இருக்கிறது. மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயரே கிடையாது. சாரலில் தரை ஈரம், பெரியப்பா வெறுங்காலோடு உட்கார்ந்து பாடுகிறார். மைக்கில் உதடு பட்டதும் "சுள்ளுங்குதுடா" என்றார். ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல் வேறு. அதை மைக்கின் குணம் என்று போனில் சொல்லிச் சமாளித்தார் அந்த மனிதர். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து காட்டியபோது அவர் முதலில் செய்தது மெயினை அணைத்ததுதான். இப்போது தனி எர்த் குழி போட்டு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் வைத்திருக்கிறோம். உங்கள் கொட்டகையில் மைக்கைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் அன்றைக்கே பாட்டை நிறுத்துங்கள்.

இன்னொன்று தீ. பெரியப்பா சூடம் கொளுத்திக் கும்பிடாமல் கதை தொடங்க மாட்டார். அன்றைக்கும் அந்த ஃபோம் சுவருக்கு இரண்டடி தள்ளித்தான் சூடம் எரிந்தது. பின்னால் ஒரு துண்டை முற்றத்தில் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். எண்ணெய்த் துணி மாதிரிப் பிடித்து, சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தது, கறுத்த புகை. பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 2013 ஜனவரியில் ஒரு கேளிக்கை விடுதியில், மேடை வாணத்தின் பொறி கூரையில் ஒட்டியிருந்த ஃபோமில் பிடித்து 242 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நச்சுப் புகையால். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாளே எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன். ஃபோமுக்குப் பின்னால் தகரம் வியர்த்து, பூஞ்சை பிடித்துப் பச்சையாக இருந்தது.

மைக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஷ்யூர் கம்பெனியின் எஸ்.எம். 58 என்று சொல்லி அந்த மனிதர் ஒன்றைக் கொடுத்தார். உலகத்தில் அதிகம் போலி வருகிற மைக்குகளில் அது ஒன்று என்று எனக்கு அப்போது தெரியாது. அசல் 298 கிராம் இருக்க வேண்டும். எங்கள் ஊர் மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் இது 240ஐத் தொடவில்லை. எடை சரியாக இருந்தாலே அசல் என்றும் நம்பிவிட முடியாது. அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குவது ஒன்றுதான் வழி. சாப்ட்வேர் திருட்டுப் பிரதி, அதற்காகக் கம்ப்யூட்டரின் வைரஸ் பாதுகாப்பையும் அணைத்து வைத்திருந்தார். அதற்குத் தேவையே இல்லை. ஒலிப்பதிவு சாப்ட்வேர்களில் ஆடாசிட்டி இலவசம், ரீப்பரை 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்த்துவிட்டு 60 டாலருக்குத் தனிநபர் உரிமம் வாங்கலாம்.

அப்புறம் பில். கையால் எழுதிய ஒரு தாள், அதில் ஜி.எஸ்.டி. எண் இருந்ததால் நம்பினேன். எல்லையோரத்தில் இருக்கிற நாம் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். கேரளாவுக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. எனக்குக் கொடுத்தது 27, அதாவது மகாராஷ்டிரா. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் சம்பந்தமே இல்லாத ஒரு துணி வியாபாரத்தின் பெயர் வந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் போனிலேயே பார்த்திருக்கலாம்.

"அவர் அந்த மாநிலம், நீ இந்த மாநிலம், அங்கே போய்த்தான் கேஸ் போடணும்" என்று நிறையப் பேர் என்னைப் பயமுறுத்தினார்கள். அது சரியில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பதிந்தேன், பிறகு ஆணையத்தில் மனு. பேச்சு முழுவதையும் வாட்ஸ்அப்பில் வைத்திருந்தது உதவியது. அதில் "முழு சவுண்ட் ப்ரூஃப்" என்று அவரே எழுதியிருக்கிறார். விசாரணை நடப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். என் கண்ணைத் திறந்தவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான், புனலூரில் வெகுகாலம் சவுண்ட் வேலை பார்த்த பெரியவர். பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, டீயைத் தவிர எதுவும் வாங்கவில்லை. "தகரத்துக்கு மேலே முதலில் கிடுகு போடுங்கோ, மழை நேரா தகரத்தில் விழாது. உள்ளே தகரத்தைத் தொடாமல் தனிச் சட்டம் அடிச்சு, கல்லை உருக்கி நூலாக்கின ராக்வுல் வச்சு, ரெண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு. காசு சேர்ந்தப்புறம் செய்தால் போதும். இப்போ வீட்டுக்குள்ளே எந்த அறை நிசப்தம்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் உள்ளறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது, மேலே ஓடும் இல்லை, கான்கிரீட். ஓசையை உறிஞ்சுகிற மூட்டைகளுக்கு நடுவே பெரியப்பாவை உட்காரவைத்து, அந்தப் பெரியவரே கொடுத்த பழைய மைக்கில் ஒரு கதையை மூன்று இரவாகப் பதிந்தோம். குடம் குடமாகவே கேட்கிறது. அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. சூடத்தை வாசலிலேயே கொளுத்திவிட்டு வந்தார்.

இன்னும் இரண்டு கதை பாக்கி. கார் அறுவடை முடிந்து மூட்டை வந்து அறை நிறைந்ததும் உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறார்.