சூஜோவில் வாங்கிய பழைய நாற்காலி: எட்டு மாத அனுபவம்

சீனாவின் சூஜோ நகரில் பழைய மரச்சாமான் விற்கும் ஒரு சிறிய கடையில் இந்த நாற்காலியை வாங்கினேன். சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தது என்றார் கடைக்காரர். மரம் ஜீச்சிமு, கோழிச் சிறகு போல ரேகை ஓடுவதால் அந்தப் பெயர். விலை 18,000 யுவான்.

முதுகைச் சுற்றிக் கைப்பிடிவரை இறங்கும் வளைவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பார்த்தால் ஒரே கட்டை. விரலால் தடவிக்கொண்டே போனால்தான் இணைப்பு நகத்தில் லேசாகத் தட்டுகிறது. ஐந்து துண்டுகளின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று பாதியாகப் படிந்திருக்க, ஒவ்வொரு இணைப்பின் நடுவிலும் ஒரு சிறிய மர ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆணியே கிடையாது. அப்புறம், குனிந்து கால்களை இணைக்கும் சட்டங்களைப் பாருங்கள். முன்சட்டம் தாழ்வு, பக்கத்துச் சட்டங்கள் சற்று மேலே, பின்சட்டம் இன்னும் மேலே. சட்டங்களைச் செருக ஒரே உயரத்தில் இரண்டு துளை விழுந்தால் கால் பலமிழக்கும் என்றுதான் இந்த ஏற்பாடு. யார் யாரோ கால் வைத்து முன்சட்டம் நடுவில் குழிந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இருக்கையில்தான் ஏமாற்றம். பழைய பிரம்புப் பின்னல் என்று விற்றார்கள். வீட்டில் கவிழ்த்துப் பார்த்தால், பிரம்பு கோத்த துளைகளெல்லாம் அடைபட்டு, பலகையில் பாய் ஒட்டியிருக்கிறது! கேட்டதும் 1,500 யுவான் திருப்பித் தந்தார்கள், சரி. ஆனால் முதலிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் வாங்கப் போனால் பணம் கொடுக்கும் முன் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள்.