பில்லிங் சூப்பர், ஆனா விண்டோஸ் 11-அ பாத்து விண்டோஸ் 8-னு சொல்லுது

பாலக்கோட்டுல எங்க மாமாவோட உரக்கடைக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டோம், பேர் வேணாம். ஜிஎஸ்டி பில்லு, ஸ்டாக்கு, கடன் பாக்கி எல்லாம் நல்லாவே இருக்கு, தக்காளி சீசன்ல கடை வாசல்ல கூட்டம் நின்னாலும் ஹேங் ஆகாம பில்லு அடிக்குது, அதுல குறையே சொல்ல மாட்டேன்.

பிரச்சனை புது கம்ப்யூட்டர்ல வந்துச்சு. உள்ள இருக்கிறது விண்டோஸ் 11, இது என்னடான்னா "உங்க சிஸ்டம் விண்டோஸ் 8, ஆட்டோ பேக்கப்புக்கு விண்டோஸ் 10 வேணும்"னு மெசேஜ் போட்டு பேக்கப்ப பூட்டிடுச்சு. மாமா உடனே பழசத் தலையில கட்டிட்டான்னு கம்ப்யூட்டர் வித்த பையனுக்கு போன் போட்டு கத்த ஆரம்பிச்சிட்டாரு, பாவம் அவன். எந்த விண்டோஸ்னு காட்டுற வின்வெர் கமாண்ட அடிச்சுக் காட்டுனப்புறம்தான் அடங்குனாரு.

நான் கொஞ்சம் புரோகிராம் எழுதுற ஆளு, அதனால பாத்ததுமே தெரிஞ்சுது. விண்டோஸ் 8.1-ல இருந்து, கெட்வெர்ஷன்எக்ஸ்னு பழைய ஃபங்ஷன்ல வெர்ஷன் கேட்டா, அந்த புரோகிராமோட மேனிஃபெஸ்ட்ல (எந்தெந்த விண்டோஸுக்கு ஒத்துவரும்னு புரோகிராமோட சேத்து வைக்கிற குறிப்பு) புது விண்டோஸ் பேரெல்லாம் எழுதலன்னா 6.2-னுதான் பதில் வரும், அதாவது விண்டோஸ் 8-ஓட உள் நம்பர். பழைய சாஃப்ட்வேருங்க புது நம்பரப் பாத்து மிரண்டு நின்னுடக் கூடாதுன்னு மைக்ரோசாஃப்டே வேணும்னு வச்ச ஏற்பாடு இது. மேனிஃபெஸ்ட்ல சில வரி சேத்தா தீந்துது, இல்லன்னா ஆர்டிஎல்கெட்வெர்ஷன்னு இன்னொரு ஃபங்ஷன்ல கேட்டா உண்மைய சொல்லும்.

இத சப்போர்ட்ல சொன்னா "சார் விண்டோஸ் திரும்ப போட்டுப் பாருங்க"ங்கிறாங்க, அப்புறம் கம்பாடிபிலிட்டி மோடு (பழைய விண்டோஸ் மாதிரி புரோகிராமுக்குக் காட்டுற செட்டிங்) வைக்கச் சொன்னாங்க, அதுல விண்டோஸ் 7-னு வச்சா 6.1-னு இன்னும் பழசாத்தான் காட்டும், யாருக்கு என்ன பிரயோஜனம்?

விடாம மெயில் போட்டதுல அடுத்த அப்டேட்ல சரி பண்ணிட்டாங்க, பேக்கப் ஓடுது. ஆனா அபவுட் பக்கத்துல இப்ப "விண்டோஸ் 10"னு காட்டுது! 11-லயும் உள்ள வெர்ஷன் நம்பர் 10.0-தான், பில்டு நம்பர் 22000-ல இருந்து மேல இருந்தா 11-னு பாத்துக்கணும், ரெஜிஸ்ட்ரில, அதாவது விண்டோஸ் தன்னோட செட்டிங்க எல்லாம் எழுதி வைக்கிற இடத்துல, இருக்கிற பேரு கூட விண்டோஸ் 10-னுதான் இருக்கும், அத நம்பிட்டாங்க போல. இதனால வேலை ஒண்ணும் கெடல, போகட்டும்.

பேக்கப்புக்கு எதுக்குய்யா வெர்ஷன் பாக்கணும், தேவையான வசதி இருக்கான்னு பாத்தா போதாதா? பில்லிங்குக்கு 5, சப்போர்ட்டுக்கு 2. வாங்குறவங்க டெமோவ விக்கிறவங்க லேப்டாப்புல பாக்காம உங்க கடை கம்ப்யூட்டர்லயே போட்டு, பேக்கப் ஓடுதான்னு பாத்துட்டு பணத்தக் குடுங்க.